பயிர்க்கு வந்த கொள்ளைநோய்

மாந்தர்க்கு நோய் வரின் மருத்துவனைத் தேடி ஓடுகின்றோம். மாட்டுக்கு நோய் வரினும் அவ்வாறே செய்கின்றோம். பயிர்க்கு நோய் வரின் மாத்திரம், "காலம் கெட்டுவிட்டது" என்று வானத்தைப் பழித்து வாளா இருப்போர் நம்மிடையே இன்றும் பலர். பயிர் பிழைத்தாலன்றி நோயாளியும் பிழையான், மருத்துவனும் பிழையான் என்பதை எண்ணுவார் சிலரே. யான் நீலகிரி மலையில் கோத்தகிரியை அடுத்த சிற்றூரொன்றில், உருளைக்கிழங்குத் தோட்டங்களின் நடுவே வளர்ந்தவன். இக்கலாசாலையில் தாவர நூல் பயில்பவன். எங்கள் ஊரார் அஞ்சும் நோயொன்றைப் பற்றி, கண்டதும் கற்றதுமாகச் சில கூற விழைகின்றேன். அதனைப் பின்பருவ இலைக்கருகல் என்பர். உருளைக்கிழங்கையும் தக்காளியையும் ஒருங்கே அழிப்பது அது.

இந்நோயின் வரலாறு கண்ணீரால் எழுதப்பட்டது. 1845ஆம் ஆண்டில் இது ஐரோப்பாவில் பரவி, அவ்வாண்டின் செப்டம்பர் மாதத்தில் அயர்லாந்துக்குள் புகுந்தது. அந்நாட்டு ஏழை மக்கள் காலையும் மாலையும் உருளைக்கிழங்கு ஒன்றையே உண்டு வாழ்ந்தவர்கள். அவர்கள் பயிரிட்டதும் பெரும்பாலும் 'லம்பர்' என்னும் ஒரே இனம். பசுமையாக நின்ற வயல் சில நாட்களில் கரிந்து நாற்றமெடுத்தது. தோண்டிய கிழங்கும் கையிலேயே அழுகிற்று. 1852 வரை நீடித்த அப்பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் பசியாலும் பிணியாலும் மாண்டனர்; பத்து லட்சத்திற்கு மேற்பட்டோர் கப்பலேறி அயல்நாடு சென்றனர். அக்காலத்திலும் அந்நாட்டினின்று தானியமும் கால்நடையும் ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தன என்பதை நாம் மறத்தலாகாது. கிழங்கைக் கொன்றது நோய். மக்களைக் கொன்றதில் மனிதர்க்கும் பங்குண்டு.

இவ்வழிவிற்குக் காரணம் யாது என்று அறிஞர் பலவாறு வாதாடினர். மழைநீர் மிகுந்தமையால் செடி வீங்கி அழுகிற்று என்றனர் சிலர். புதிதாக ஓடத் தொடங்கிய புகைவண்டிகளால் காற்றுக் கெட்டது என்றனர் வேறு சிலர். இங்கிலாந்தில் ஒரு சிற்றூரில் திருப்பணி செய்துகொண்டிருந்த மைல்ஸ் ஜோசப் பெர்க்லி என்னும் குருவானவர், கருகிய இலைகளை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து நோக்கி, இலையின் அடியிற் படரும் வெண்மையான நுண்ணுயிரே நோய்க்குக் காரணம், அது நோயின் விளைவன்று என 1846இல் எழுதினார். அதனை நம்பினோர் அன்று மிகச் சிலர். ஜெர்மானிய அறிஞர் அன்டன் டி பாரி, பின்னர்ச் சோதனைகளால் அவ்வுண்மையை ஐயமற நிலைநாட்டி, 1876இல் அவ்வுயிர்க்குப் 'பைட்டோப்தோரா' எனப் பெயரிட்டார். 'செடிகொல்லி' என்பது அச்சொல்லின் பொருள். நெடுங்காலம் காளான் இனமாகவே கருதப்பட்ட அது, உண்மையில் கடற்பாசிகளுக்கு நெருங்கிய உறவுடைய வேறோர் இனம் என்பது இற்றைநாள் துணிபு.

நம் நாட்டிற்கு இந்நோய் 1870க்கும் 1880க்கும் இடைப்பட்ட காலத்தில் வந்ததென்றும், முதலிற் காணப்பட்ட இடம் நீலகிரியே என்றும் நூல்கள் கூறுகின்றன. எங்கள் மலைக்கு உருளைக்கிழங்கு ஆங்கிலேயர் கொணர்ந்த செல்வம். அதன் நோயும் அதன் பின்னே வந்து சேர்ந்தது. வந்தது திரும்பிற்றில்லை. காரணம் வெளிப்படை. குளிர்ந்த இரவு, விடியுமட்டும் இலையில் தங்கும் ஈரம், நாட்கணக்கில் விலகாத மூடுபனி ஆகிய இம்மூன்றும் அவ்வுயிர்க்கு உவப்பானவை. வெப்பம் 10 முதல் 20 பாகை வரை இருந்து, காற்றின் ஈரம் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்படுமாயின், அது தங்குதடையின்றிப் பெருகும். மிகக் குளிர்ந்த ஈரத்தில் அதன் வித்துப்பை ஒவ்வொன்றும் வெடித்து, நீரில் நீந்தும் நுண்வித்துகள் பலவற்றை வெளியிடும். அவை இலையைத் துளைத்து உட்புகுந்தபின், ஒரு வாரத்திற்குள் புதிய வித்துகள் தோன்றிக் காற்றேறிச் செல்லும். பங்குனியிலும் சித்திரையிலும் நட்ட பயிர் தழைத்து நிற்கும் வேளையில், ஆனியும் ஆடியும் தென்மேற்குப் பருவ மழையைக் கொணர்கின்றன. நோய்க்கு இதனினும் ஏற்ற காலம் வேறு யாது?

நோயை அறியும் வழியையும் கூறுவேன். இலையின் நுனியிலோ ஓரத்திலோ வெந்நீர் பட்டாற்போன்ற வெளிறிய புள்ளி தோன்றிக் கருமை எய்தும். அதிகாலையில் அவ்விலையைத் திருப்பிப் பார்ப்பின், கருமையின் விளிம்பில் வெண்பஞ்சு போன்ற படலம் காணலாம். தண்டிலும் கரும்பழுப்பான கறை பரவும். மழைநீரோடு மண்ணிற்குள் இறங்கிய வித்து கிழங்கைத் தாக்க, அதன் தோலின் கீழ்ச் செம்பழுப்பு நிறம் படரும். தக்காளியாயின் காயின்மேல் எண்ணெய் படிந்தாற்போல் பழுப்புத் திட்டுத் தோன்றும். வளையத்துள் வளையமாகத் தெரியும் புள்ளி முன்பருவக் கருகலின் அடையாளம். அது வேறு நோய், இத்துணை விரைவாகக் கொல்வதுமன்று.

இனி என் பெரியப்பாவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அவர் ஏட்டுக் கல்வி மிகுதியாக இல்லாதவர். ஆயினும் மழைக்காலத்தில் நாள்தோறும் விடியுமுன் தோட்டத்திற்குச் சென்று, தாழ்ந்த இலைகளைத் திருப்பிப் பார்த்து வருவார். சில ஆண்டுகளுக்கு முன் ஆனி மாதத்தில், நான்கு நாள் பகலவனைக் காணாதபடி மூடுபனி கவிந்திருந்தது. மருந்து தெளித்திருந்தும், அவர் நிலத்தின் மேற்பாத்தியில் நோய் தோன்றி, ஒரு வாரத்திற்குள் பாதி நிலத்தைப் பற்றிற்று. பயிர்க்கு அப்போது வயது எண்பது நாள். இன்னும் இரண்டு வாரம் நின்றால் கிழங்கு பருக்கும். மேட்டுப்பாளையம் மண்டியிலும் அவ்வாண்டு விலை ஏறியிருந்தது.

அவர் நிலத்திற்குக் கீழே, சரிவில், கணவனை இழந்த அம்மையார் ஒருவரின் சிறு தோட்டம் இருந்தது. அவர் பிந்தி நட்டமையால் பயிர் இளையது. இன்னும் கிழங்கு திரளவில்லை. விதைக்கும் உரத்திற்கும் கடன் பட்டிருந்தார். மகளின் படிப்புச் செலவும் அப்பயிரையே நம்பியிருந்தது. பெரியப்பாவின் பயிர் நின்றால், ஒவ்வொரு காற்றிலும் அதன் வித்து கீழ் நிலத்தில் பெய்யும் என்பது திண்ணம்.

அவ்வம்மையார் வரப்பில் வந்து நின்று, "அண்ணா, என் செடி தப்புமா?" என்று மட்டும் கேட்டார். பெரியப்பா சிறிது நேரம் மறுமொழி கூறவில்லை. பின்பு, "உன் செடிக்கு இன்றே மருந்து அடித்துவிடம்மா, என் செடியை நான் அறுத்துவிடுகிறேன்" என்றார்.

"பச்சையாக நிற்பதையுமா அறுப்பது, பெரியப்பா?" என்று யான் கேட்டேன்.

"பச்சை இன்னும் எத்தனை நாளைக்கு, தம்பி? நிற்கிற வரையில் அவளுக்கும் அதுதானே நஞ்சு" என்றார் அவர்.

மழை சற்று ஓய்ந்த பகற்பொழுதில் ஆட்களை விட்டுச் செடிகளை அடியோடு அறுத்து, தோட்டத்திற்கு அப்பாற் குழி வெட்டிப் புதைத்தோம். கிழங்கை உடனே தோண்டாமல், தோல் முதிரவும் மண்ணின் மேலுள்ள வித்துகள் மடியவும் இரண்டு வாரம் விட்டிருந்தோம். கிழங்கு சிறுத்தே கிடைத்தது. விலை மிகுந்திருந்தும் வருவாய் குறைந்தது. ஆனால் அழுகல் மிகச் சிலவே. கீழ்த்தோட்டத்திலும் நோய் தலைகாட்டாமலில்லை. எனினும் இடையறாக் கவனத்தால் அது மட்டுப்பட்டு, அவ்வம்மையாரின் கடன் அடையும் அளவிற்கு விளைவு கிட்டிற்று. பெரியப்பா செய்தது அறமோ, தம் கிழங்கைக் காக்கும் தந்திரமோ என யான் பன்முறை எண்ணியதுண்டு. இரண்டுமே எனத் தோன்றுகின்றது. இந்நோயைப் பொறுத்தவரை தன்னலமும் பிறர்நலமும் ஒரே வரப்பின் இரு புறங்கள்.

தடுக்கும் வழிகளைச் சுருங்கக் கூறின், நோயற்ற விதைக்கிழங்கே முதற்காப்பு. கழித்த கிழங்குகளைத் தோட்டத்தோரம் குவித்து வைத்தலாகாது. சென்ற பருவத்தில் தப்பித் தானே முளைத்த செடிகளைப் பிடுங்கிவிட வேண்டும். மண்ணை உயர அணைத்தால் வித்து கிழங்கை எளிதில் எட்டாது. தக்காளிக்கு இடைவெளி விட்டுக் கொம்பு நாட்டிக் கட்டினால் இலை விரைவில் உலரும்; மாலையில் இலைமேல் நீர் தெளித்தலைத் தவிர்க்க வேண்டும்.

மருந்துகளுள் பழமையானது போர்டோக் கலவை. பிரான்சு தேசத்தில் பாதையோரத்துத் திராட்சையைக் கள்வர் பறியாதிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தனர். அக்கொடிகள் மாத்திரம் நோயின்றி நிற்பதை 1882இல் கண்ட மில்லார்டே என்னும் பேராசிரியர், ஆராய்ந்து 1885இல் அதனை வெளியிட்டார். மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, நீர் 100 லிட்டர் என்பது அதன் அளவு. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்ற வேண்டும். இரும்புக் கலம் ஆகாது. தீட்டிய கத்தியை அதில் தோய்த்துப் பார்த்து, செம்பு படியுமாயின் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். இக்காலத்தில் மாங்கோசெப் என்னும் மருந்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் தெளிக்கின்றனர். இவை யாவும் நோய் வருமுன் இலைக்குக் கவசமாவன. உட்புகுந்த நோயை வெளியேற்றும் ஆற்றல் இவற்றுக்கு இல்லை.

உட்சென்று கொல்லும் மெட்டலாக்சில் என்னும் மருந்து வந்தபோது, நோய் ஒழிந்ததென உழவர் மகிழ்ந்தனர். 1980இலேயே அயர்லாந்திலும் நெதர்லாந்திலும் அதற்கு அடங்காத நோயுயிர் தோன்றிவிட்டது. நம் தென்னாட்டில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் தக்காளியைப் பேரளவில் அழித்ததும், ஐரோப்பாவில் முன்னரே பரவி அம்மருந்துக்கு அடங்காதிருந்த ஒரு வமிசமே என 2013இல் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். நோயை எதிர்க்கும் இனமென 1968இல் வெளியான குஃப்ரி ஜோதியும் நாளடைவில் அவ்வாற்றலை இழந்தது. ஆதலின் ஒரே மருந்தையும் ஒரே இனத்தையும் நம்பியிருத்தல் கூடாது. மாற்றி மாற்றிக் கையாளல் வேண்டும். ஒரே இனத்தை நம்பிய அயர்லாந்தின் கதை இதற்குச் சான்று.

மாணவ நண்பர்காள்! நம்முள் உழவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். ஆய்வுக்கூடத்தில் நாம் கண்ணாடித் துண்டில் காணும் நுண்ணுயிரும், நம் பெற்றோரை இரவில் உறங்கவொட்டாத கவலையும் ஒன்றே. விடுமுறையில் வீடு செல்லுங்கால், விடியற்காலையில் தோட்டத்தில் இறங்கித் தாழ்ந்த இலையொன்றைத் திருப்பிப் பாருங்கள். அங்கு வெண்மை காணின், முதலில் தந்தையாரிடம் கூறுங்கள். அடுத்து, தாமதமின்றி, அயல் தோட்டத்தாரிடமும் கூறுங்கள்.