அணி போன பின்னும் நின்ற அரங்கம்

மிஸ்ஸிஸிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் அமைந்த நகரம் செயின்ட் லூயிஸ். அமெரிக்காவின் மிஸ்ஸூரி மாநிலத்தைச் சேர்ந்தது. ஆற்றோரத்தில் 630 அடி உயரத்துக்கு எழுந்து நிற்கும் எஃகு வளைவுதான் இந்நகரின் முகம். மேற்குத் திசை நோக்கிக் குடியேறச் சென்றவர்களின் நினைவாக எழுப்பப்பட்டு, 1965ஆம் ஆண்டில் நிறைவுற்றது. வெயில் பட்டால் வெள்ளிக் கம்பியைப் போலவும், மேகம் மூடினால் ஈயம் போலவும் நிறம் மாறும். இங்கு வரும் பயணிகள் முதலில் நாடுவது அதைத்தான்.

2025ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், அங்குப் பணிபுரியும் என் தங்கை மகனின் இல்லத்தில் பத்து நாள் தங்கியிருந்தேன். வளைவையும் கண்டேன், வியந்தேன். ஆயினும் இக்கட்டுரை அதைப் பற்றியதன்று. வளைவிலிருந்து வடமேற்கே சிறிது தொலைவு நடந்தால், மாநாட்டு மண்டபத்தோடு ஒட்டிக் கட்டப்பட்ட ஒரு மாபெரும் கூரை அரங்கத்தை அடையலாம். ஏறத்தாழ 66,000 பேர் அமரக்கூடியது. நாங்கள் சென்ற பிற்பகலில் அதன் கதவுகள் அடைத்திருந்தன. நடைபாதையில் புறாக்கள் மட்டுமே உலவின.

"மாமா, இதைக் கட்டியது ஊர்ப்பணம். வாடகைக்கு இருந்தவர்கள் போய்விட்டார்கள். கடனை மட்டும் ஊர் சுமந்தது" என்றான் மருமகன். அந்தச் சொற்களே இக்கட்டுரைக்கு வித்தாயின.

மாப்பிள்ளை இல்லாத பந்தல்

அமெரிக்கர் 'கால்பந்து' என்று சொல்வது நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்க்கும் ஆட்டம் அது. அதன் தலைமை அமைப்பு தேசியக் கால்பந்து லீக். அணிகள் தனியார் செல்வந்தர்களின் உடைமை. உரிமையாளர் விரும்பினால், லீக்கின் ஒப்புதலோடு, கடையை இடம் மாற்றுவது போல அணியையே வேறு ஊருக்குக் கொண்டு போகலாம்.

செயின்ட் லூயிஸில் 'கார்டினல்ஸ்' என்றோர் அணி இருந்தது. புதிய அரங்கம் வேண்டும் என்று அதன் உரிமையாளர் கேட்டார், கிடைக்கவில்லை. 1988இல் அணி அரிசோனா மாநிலத்துக்குப் போய்விட்டது. அந்த இழப்பு நகரத்தார் மனத்தில் ஆறாத புண்ணாயிற்று. 1950இல் எட்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நகரம் இது. ஆலைகள் மூடின, வசதி படைத்தோர் புறநகருக்குப் பெயர்ந்தனர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள் தொகை மூன்று இலட்சம்தான். இப்படித் தேய்ந்து வந்த ஊருக்கு, ஓர் அணியின் பிரிவு வெறும் விளையாட்டுச் செய்தியன்று. 'நாம் பெரிய நகரமாக இனி இல்லை' என்ற அறிவிப்பாகவே பட்டது.

ஆகவே ஆட்சியாளர்கள் ஒரு துணிகர முடிவு செய்தனர். அணி எதுவும் கைவசம் இல்லாதபோதே அரங்கத்தைக் கட்டத் தொடங்கினர். பந்தலைப் போட்டுவிட்டு மாப்பிள்ளை தேடிய கதைதான்! செலவு ஏறத்தாழ 28 கோடி டாலர். கடன் பத்திரங்கள் விற்றுப் பணம் திரட்டினர். அதை அடைக்கவும் கட்டடத்தைப் பேணவும் ஆண்டுதோறும் மாநில அரசு 1 கோடியே 20 இலட்சம் டாலரும், நகரம் 60 இலட்சமும், சுற்றியுள்ள செயின்ட் லூயிஸ் கவுண்டி 60 இலட்சமும் தருவதென ஏற்பாடாயிற்று. முப்பதாண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால், ஏறத்தாழ 72 கோடி டாலர் வரும். கவுண்டியின் பங்கு விடுதிகளில் தங்குவோரிடம் பெறும் வரியிலிருந்து எடுக்கப்பட்டது. ஆட்டத்தையே பார்த்தறியாத வழிப்போக்கனும் அதில் ஒரு செங்கல் வைத்தான் என்று சொல்லலாம்.

1993இல் லீக் இரண்டு புதிய அணிகளை உருவாக்கியபோது, அவை சார்லட், ஜாக்சன்வில் ஆகிய ஊர்களுக்குப் போயின. செயின்ட் லூயிஸுக்கு ஏமாற்றம். கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது, ஆட ஆள் இல்லை. அந்த நெருக்கடியில்தான் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த 'ராம்ஸ்' அணி பேச்சுக்கு வந்தது.

ஒப்பந்தத்தில் ஒரு வரி

பத்து வணிகர் ஒரே மாட்டுக்குப் போட்டியிட்டால் விலையை யார் சொல்வார்? மாட்டுக்காரர்தான். அமெரிக்காவில் பெருநகரங்கள் பல. லீக்கில் இன்றும் அணிகள் 32 மட்டுமே. அந்த எண்ணிக்கையைத் தீர்மானிப்பதும் லீக்தான். இப்பற்றாக்குறையே உரிமையாளர்களின் மூலதனம். 'நீங்கள் தராவிட்டால் அடுத்த ஊர் தரும்' என்ற ஒரு வாக்கியம் போதும், நகரசபைகள் நடுங்கும்.

1995இல் ராம்ஸ் வந்தது. அதற்காகச் செயின்ட் லூயிஸ் ஏற்ற முப்பதாண்டுக் குத்தகை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. அரங்கம் எப்போதும் 'முதல் தரத்தில்' இருக்க வேண்டும். அதாவது, லீக்கின் அரங்கங்களைத் தரவரிசைப்படுத்தினால் முதல் கால்பங்குக்குள் இது அமைய வேண்டும். 2005இலும் 2015இலும் அதை அளந்து பார்க்க வேண்டும். தவறினால் அணி நீண்டகாலக் கடப்பாட்டிலிருந்து விடுபட்டு, ஆண்டுக்கு ஆண்டு குத்தகையில் இருக்கலாம், விரும்பினால் வெளியேறலாம்.

எண்ணிப் பாருங்கள். மற்ற ஊர்கள் புதிதுபுதிதாக அரங்கம் எழுப்புந்தோறும், இங்கே ஓர் ஆணி கழலாமலே இந்த அரங்கம் தரவரிசையில் கீழே இறங்கும். பிறர் செய்யும் செலவால் நம் வீட்டின் மதிப்பு குறையும். குறைந்ததற்கு நாமே பொறுப்பு! வீட்டைக் கட்டிக் கொடுத்தவர் கடனாளி, குடியிருப்பவர் சுதந்திரர்.

முதலாண்டுகளில் எவரும் இதைப் பெரிதாக எண்ணவில்லை. மகிழ்ச்சி கரைபுரண்டது. 1999ஆம் ஆண்டுப் பருவத்தில் ராம்ஸ் அணி வென்றுகொண்டே போய், 2000ஆம் ஆண்டு ஜனவரியில் 'சூப்பர் பவுல்' கோப்பையைக் கைப்பற்றியது. அணியை நடத்திய கர்ட் வார்னர், ஒரு காலத்தில் மளிகைக் கடையில் இரவு வேளையில் சரக்கு அடுக்கியவர். அவரைக் கொண்டாடாத வீடே அன்று ஊரில் இல்லை என்றார் மருமகனின் அண்டை வீட்டுக்காரர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அந்த நாள்களின் நுழைவுச் சீட்டுகளை ஒரு தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார். ஊரே ஒன்றாக உணர்ந்த அந்த இன்பத்தை நாம் குறைத்துப் பேசலாகாது. அதற்கும் ஒரு விலை உண்டு. கேள்வி என்னவெனில், அந்த விலையை யார் குறித்தார், யார் கொடுத்தார் என்பதே.

போனவரும் இருந்தவரும்

2010இல் ஸ்டான் குரோயங்கி என்ற பெருஞ்செல்வர் அணியை முழுமையாகத் தம் உடைமையாக்கினார். முதல் தர நிபந்தனை விழித்தெழுந்தது. அரங்கத்தைப் புதுப்பிக்க 12 கோடியே 40 இலட்சம் டாலர் திட்டம் ஒன்றை நகரத் தரப்பு முன்வைத்தது. அணி கேட்டதோ ஏறத்தாழ 70 கோடி டாலர் வேலை. நடுவர்கள் 2013இல் அணியின் பக்கமே தீர்ப்பளித்தனர். அவ்வளவு பெருந்தொகைக்கு நகரம் எங்கே போகும்? மறுத்துவிட்டது. அணிக்குக் கதவு திறந்தது.

அப்போதும் நம்பிக்கை விடவில்லை. ஆற்றங்கரையில் புதிய அரங்கம் ஒன்று கட்டலாம் எனத் திட்டம் தீட்டினர். 2015 டிசம்பரில் நகரசபை 15 கோடி டாலர் உதவிக்கு இசைந்தது. பழைய அரங்கத்தின் கடனே அடையாத நிலையில் இது! 2016 ஜனவரியில் லீக் உரிமையாளர்கள் கூடி, ராம்ஸ் லாஸ் ஏஞ்சலிஸுக்குத் திரும்ப 30க்கு 2 என்ற கணக்கில் ஒப்புதல் அளித்தனர்.

அங்கே குரோயங்கி கட்டிய அரங்கம் 2020இல் திறக்கப்பட்டது. செலவு 500 கோடி டாலருக்கு மேல் என்கிறார்கள். பெரும்பாலும் தனியார் பணம். ஆம், வேண்டுமென்று கருதினால் சொந்தப் பணத்திலும் அரங்கம் கட்ட முடிகிறது. செயின்ட் லூயிஸிலோ, ஆட்டம் நின்ற பின்னரும் சில ஆண்டுகள் கடன் தவணை தவறாமல் கட்டப்பட்டு வந்தது. "அவர்கள் போனது வருத்தம்தான். அவர்கள் இருந்த வீட்டுக்கு நாங்கள் தவணை கட்டிக்கொண்டே இருந்ததுதான் வெட்கம்" என்றார் அந்த ஆசிரியர்.

அரங்கத்தை ஆதரிப்போர் ஒரு நியாயம் சொல்வர்: இது மாநாட்டு மண்டபத்தின் நீட்சியும் ஆகும், பொருட்காட்சிகளும் பெருங்கூட்டங்களும் நடக்கின்றன, 1999இல் போப் இரண்டாம் ஜான் பால் இங்கே வழிபாடு நடத்தியபோது இலட்சம் பேர் திரண்டனர், 2020 முதல் வேறொரு சிறு லீக்கின் அணியும் ஆடியிருக்கிறது. உண்மையே. ஆனால் இத்தனையும் நடத்த இவ்வளவு பெரிய கட்டடமும் இத்தகைய ஒப்பந்தமும் வேண்டியதில்லை. தொழில்முறைக் கால்பந்து அணி ஆண்டில் சொந்த அரங்கில் ஆடுவது பத்து நாள் அளவுக்கே. 'வணிகம் பெருகும், வேலை பெருகும்' என்ற வாக்குறுதியைப் பொருளியலார் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் கண்ட முடிவு ஒன்றே. அரங்கில் செலவாகும் பணத்தில் பெரும்பகுதி, இல்லாவிட்டால் அதே ஊரின் உணவகத்திலோ திரையரங்கிலோ செலவாகியிருக்கும். பை அதேதான்; கை மாறுகிறது.

வழக்கும் வரவும்

2017இல் நகரமும் கவுண்டியும் அரங்க ஆணையமும் சேர்ந்து லீக்கின் மீது வழக்குத் தொடுத்தன. அணிகள் இடம் மாறுவதற்கென லீக் தானே வகுத்த விதிகளை மீறிவிட்டது என்பது வாதம். 2021 நவம்பரில் 79 கோடி டாலருக்குச் சமரசமாயிற்று. வழக்கறிஞர் பங்கு போக எஞ்சியதில் நகரத்துக்கு 25 கோடி, கவுண்டிக்கு 16 கோடியே 90 இலட்சம் எனப் பிரித்துக்கொண்டனர். பிரிப்பதற்கே ஓராண்டு பிடித்தது. நகரமோ அதை என்ன செய்வதென்று ஆண்டுக்கணக்கில் விவாதித்தது.

2025 மே 16 அன்று நகரின் வடபகுதியைச் சூறாவளி தாக்கியது. ஆயிரக்கணக்கான கட்டடங்கள் சேதமுற்றன. பெரும்பாலும் எளிய மக்கள் வாழும் பகுதி. அந்தச் சமரசப் பணத்தின் வட்டியிலிருந்து 3 கோடி டாலரை நிவாரணத்துக்கு ஒதுக்கினர். வடபகுதித் தெருக்களில் நான் சென்றபோது, கூரைகளின்மேல் நீலத் தார்ப்பாய்கள் இன்னும் படபடத்துக்கொண்டிருந்தன. ஊர்ப்பணத்துக்கு இயல்பான இடம் எதுவென்று அந்தக் கூரைகளே சொல்லின.

மற்றோர் அரங்கம், ஒரு நீரகம்

மூடிய அரங்கிலிருந்து தென்மேற்கே சில கிலோமீட்டருக்குள் இன்னோர் அரங்கம் இருக்கிறது. இது நாம் அறிந்த கால்பந்துக்கானது. முன்பு ஒரு குழுவினர் இத்தகைய அரங்குக்கு நகரத்திடம் 6 கோடி டாலர் கேட்டனர். 2017 ஏப்ரலில் மக்களிடமே வாக்குக்கு விட்டபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 53 பேர் 'வேண்டாம்' என்றனர். கால்பந்தே வராது என்று பலர் கைவிட்டனர். ஆனால் வாடகைக் கார் தொழிலில் செல்வம் ஈட்டிய உள்ளூர்க் குடும்பத்தார் முன்வந்து, சில வரிச் சலுகைகள் நீங்கலாகப் பெரிதும் தம் பணத்திலேயே கட்டினர். 2023 முதல் அங்கே ஆட்டம் நடக்கிறது, 22,500 இருக்கைகள். மக்கள் 'வேண்டாம்' என்றது ஆட்டத்தை அன்று, கணக்கைத்தான்.

நகரின் தென்பகுதியில் பெவோ என்னும் இடத்துக்கும் மருமகன் அழைத்துச் சென்றான். 1990களில் போரில் வீடிழந்து வந்த பொஸ்னியர்கள் குடியேறிய பகுதி. சரயேவோ நகரின் பழைய 'ஸபீல்' நீரகத்தைப் போன்ற ஒன்று அங்கே 2013இல் எழுப்பப்பட்டிருக்கிறது. தங்களை ஏற்ற ஊரின் 250ஆம் ஆண்டு நிறைவுக்கு அச்சமூகம் அளித்த அன்பளிப்பு. அகதியாய் வந்தவர் ஊருக்குக் கொடுத்துச் செல்கிறார். கோடீசுவரராய் வந்தவர் ஊரிடம் வாங்கிச் செல்கிறார். ஒரே ஊரில் இரண்டையும் காண நேர்ந்தது.

பாடம் கற்றாரோ?

மிஸ்ஸூரியின் மேற்கு எல்லையில் கான்சாஸ் சிட்டி இருக்கிறது. அங்குள்ள 'சீஃப்ஸ்' அணியின் அரங்குக்காக விற்பனை வரியை நீட்டிக்கலாமா என்று 2024 ஏப்ரலில் கேட்டபோது, வாக்காளர் மறுத்தனர். 2025 ஜூனில் மாநிலச் சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் கூட்டி, அரங்க உதவியையும் செயின்ட் லூயிஸ் சூறாவளி நிவாரணத்தையும் ஒரே கூட்டத்தில் எடுத்துக்கொண்டது. ஆயினும் அவ்வாண்டு டிசம்பரில், பக்கத்துக் கான்சாஸ் மாநிலம் தர முன்வந்த பெருந்தொகையை ஏற்று அங்கே போவதாக அணி அறிவித்தது. மாடு ஒன்று, கேட்போர் இருவர். விலை ஏறுகிறது.

விளையாட்டு வேண்டாதது என்று யாரும் சொல்லார். உடலுக்கு வலிவும் ஊருக்கு ஒற்றுமையும் தருவது அது. ஆனால் வரிப்பணம் அமானிதம். அதைச் செலவிடுவோர் கட்டடத்தின் வரைபடத்தைப் பார்த்து மயங்காமல், ஒப்பந்தத்தின் இறுதிப் பக்கம் வரை படிக்கக் கடமைப்பட்டவர்கள். யார் எப்போது எழுந்து போகலாம், போனால் எஞ்சியதை யார் கட்டுவார் என்ற இரண்டு கேள்விகளுக்கு அங்கே விடை இருக்கும். செயின்ட் லூயிஸ் ஆட்சியாளர்கள் 1995இல் அந்த விடையைக் கண்டும் கையொப்பமிட்டார்கள். அணி வேண்டும் என்ற ஏக்கம் அவ்வளவு பெரிதாயிருந்தது. ஏக்கத்தோடு சந்தைக்குப் போகிறவர் விலை பேச முடியாது. வீட்டுக்கும் இது பொருந்தும், ஊருக்கும் இது பொருந்தும்.