பிரேக் பேடை நாமே மாற்றலாம்

ராயக்கோட்டையிலிருந்து ஓசூருக்கு ஷிப்ட் வேலைக்குப் பைக்கில் போகும் தம்பிகளுக்காக எழுதுகிறேன். 1980-ல் டிவிஎஸ் 50 உருவான ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் நாம். டிஸ்க் பிரேக் பேடை மாற்ற நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெரும்பாலான வண்டிகளுக்கு ஆலன் கீயும் ஸ்பேனருமே போதும். உராயும் பகுதி 2 மி.மீ. அளவுக்குத் தேய்ந்ததுமே மாற்றிவிடுங்கள். பின்னைக் கழற்றிப் பழைய பேடை எடுத்ததும், காலிப்பர் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளுங்கள். அப்போது பிரேக் ஆயில் மேலேறும். வழிந்து பெயின்ட்டில் பட்டால் அரித்துவிடும். புதுப் பேடில் கிரீஸ் கை படவே கூடாது.

வண்டியை நகர்த்தும் முன் லீவர் இறுகும்வரை அழுத்தி அழுத்தி விடுங்கள். பிஸ்டன் பேடைத் தொடும்வரை பிரேக் பிடிக்காது. தக்காளி லாரிகள் ஓடும் ரோடு இது. பேட் படியும்வரை நிதானமாகப் போங்கள், தம்பிகளே.