கொடியில் ஓர் இடக்கரடக்கல்

எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே இல்லை. ‘உள்ளே போடுவது’ என்பார் அம்மா. நன்னூல் பயின்றோர் இடக்கரடக்கல் என்பர். பெயரில்லாததை அளந்து வாங்குவது எங்ஙனம்? பத்தாண்டுகள் 36 அணிந்தேன். தோளில் தழும்பு விழுந்தது.

சென்ற மாதம் தில்லி லாஜ்பத் நகரில், முதுகில் மூன்று பட்டைகள் குறுக்கிடும் உள்ளாடைத் தொகுப்பொன்றைக் கேட்டேன். விற்பனைப் பெண் முதலில் நாடாவை எடுத்தார். மார்புக்குக் கீழே 32 அங்குலம். சுமையைப் பெரிதும் தாங்குவது அச்சுற்றுப்பட்டையே. அது தளர்ந்தால் பாரமெல்லாம் தோளுக்கு ஏறிவிடும். எண் அச்சுற்றளவு, எழுத்து மார்புச் சுற்றளவோடு அதற்குள்ள வேறுபாடு. இதை அறிய எனக்கு முனைவர்ப் பட்ட ஆய்வுவரை ஆயிற்று!

குறுக்குப் பட்டைகள் பெரும்பாலும் அழகுக்கே. இறுகிய மேற்சட்டைக்குள் அவை துருத்தித் தெரியும். முதுகு இறங்கிய குர்தாவில் தெரியட்டும் என்றே வாங்கினேன். கருநீலக் குர்தாவுக்கு அரக்குச் சிவப்புப் பட்டைகள்.

துவைத்து விடுதிக் கொடியில் உலர்த்தியதும் என் கை தானாக அதன்மேல் துண்டை விரித்தது. சற்று நின்றுவிட்டு எடுத்துவிட்டேன். மாலையில் பக்கத்து அறைத் தோழி, எந்தக் கடை என்று கேட்டாள், குரலைத் தாழ்த்தி.