ஒரு டோக்கன்... ஒரு ஏணி... ஒரு குரங்கு!

அமெரிக்கா போறவங்க நயாகரா, சுதந்திர தேவி சிலைன்னு லிஸ்ட் போடுவாங்க. நீங்க மரியோ ரசிகரா? அப்போ அந்த லிஸ்ட்ல இன்னொரு ஊரையும் சேர்த்துக்குங்க பாஸ்... லக்கோனியா!

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், வின்னிபசாக்கி ஏரிக்கரையில் இருக்கிற சின்ன ஊர். பாஸ்டனில் இருந்து வடக்கே காரில் சுமார் ரெண்டு மணி நேரம். அங்கேதான் இருக்கு ‘ஃபன்ஸ்பாட்’. 1952-ல் பாப் லாட்டன் என்ற இளைஞர் பாட்டிகிட்ட 750 டாலர் கடன் வாங்கி ஆரம்பிச்ச விளையாட்டுக் கூடம். 2008-ல் ‘உலகின் மிகப் பெரிய ஆர்கேட்’ என்று கின்னஸ் சர்ட்டிஃபிகேட் கொடுத்தது. பாட்டியோட காசு வீண் போகலை!

பவுலிங், மினி கோல்ஃப் எல்லாம் அப்புறம். முதல்ல உள்ளே இருக்கிற மியூசியத்துக்கு வாங்க. ‘அமெரிக்கன் கிளாசிக் ஆர்கேட் மியூசியம்’, 1998-ல் தொடங்கினது. மங்கலான வெளிச்சத்தில் வரிசையா ஆளுயர மரப்பெட்டிகள். ஒவ்வொண்ணிலும் ஒரு டி.வி., ஒரு ஜாய்ஸ்டிக், காசு போட ஒரு துவாரம். இதைத்தான் ‘கேபினட்’ என்கிறார்கள். இங்கே இருநூத்தி ஐம்பதுக்கும் மேல இருக்கு. ‘தொடாதீர்கள்’ போர்டு கிடையாது. டோக்கனைப் போடு, ஆடு!

நாம தேடி வந்த ஆள், ‘டாங்கி காங்’. 1980-ல் வந்த ‘ஸ்பேஸ் பேனிக்’ கேமிலேயே தளமும் ஏணியும் உண்டு. ஆனா, அதில் குதிக்க முடியாது. 1981-ல் வந்த டாங்கி காங்கில்தான் ஹீரோ உருண்டு வர்ற பீப்பாய்களைத் தாண்டிக் குதிச்சார். அவர் பேரே ‘ஜம்ப்மேன்’! பிற்பாடு அவர்தான் மரியோ. நம்ம ஊரில் அண்ணன்மார் டி.வி.யில் கேசட் சொருகி ஆடினாங்களே, அதே மீசைக்காரர்.

அவர் பிறந்த கதை செம காமெடி. நின்டெண்டோவின் ‘ரேடார் ஸ்கோப்’ கேம் அமெரிக்காவில் ஊத்திக்கிச்சு. வரவழைச்ச 3,000 கேபினட்களில் சுமார் 2,000 அப்படியே குடோனில் தூங்கின. ‘இதே பெட்டிக்குள்ள வேற கேம் பண்ணு’ என்று ஷிகெரு மியாமோட்டோ என்ற புதுப் பையன்கிட்ட வேலையைக் கொடுத்தாங்க. போபாய் கதையைக் கேட்டாங்க, உரிமை கிடைக்கலை. அதனால குரங்கு, தச்சர், காதலின்னு புதுசா ஒரு கதை! விக்காத பெட்டிகளுக்கு உள்ளே போர்டை மாற்றி வித்தாங்க. அந்தப் பெட்டிகள் சிவப்பு நிறம். பிறகு புதுசா தயாரிச்சவை நீலம். இன்னிக்கு சேகரிப்பாளர்கள் சிவப்பைப் பார்த்தா விடமாட்டாங்க!

இன்னொரு கூத்து, 22-வது லெவல். அங்கே டைம் கணக்கு 260 வரும். ஆனா, அந்த மெமரி இடத்தில் 255-க்கு மேல நிக்காது. 260 சுத்தி வந்து 4 ஆயிடும். சில நொடியில் ஹீரோ அவுட்! எவ்வளவு பெரிய கில்லாடியா இருந்தாலும் கதை அங்கே முடிஞ்சுது. 2005-ல் ஸ்டீவ் வீப் இதே ஃபன்ஸ்பாட்டில் எல்லோர் முன்னாடியும் ஆடி 9,85,600 பாயின்ட் எடுத்தார். 2007-ல் வந்த ‘தி கிங் ஆஃப் காங்’ டாக்குமென்டரியில் அதைப் பார்க்கலாம்.

‘லேப்டாப்பிலேயே எமுலேட்டரில் ஆடலாமே, எதுக்கு இந்த மரப்பெட்டி?’ நியாயமான கேள்விதான். கேமின் கோடு லேப்டாப்பில் பிழைச்சுக்கும், பெட்டி பிழைக்காது. டாங்கி காங் பழசானதும் கடைக்காரர்கள் அதே வேலையை அதுக்கே செஞ்சாங்க. போர்டைக் கழற்றி வேற கேம் மாட்டி, பக்கவாட்டு ஓவியத்து மேல பெயின்ட் அடிச்சாங்க. பழைய பெட்டியில் பிறந்த கேமோட பெட்டியே அடுத்த கேமுக்குப் போயிடுச்சு! இப்போ சேகரிப்பாளர்கள் அந்தப் பெயின்டைப் பொறுமையா சுரண்டி, அடியில் இருக்கிற குரங்கை மீட்கிறாங்க.

பிக்சர் டியூப்தான் பெரிய தலைவலி. பெரிய கம்பெனிகள் தயாரிப்பை நிறுத்தி வருஷக்கணக்காச்சு. குப்பைக்குப் போற குண்டு டி.வி.யில் இருந்து டியூபைக் கழற்றி மாட்டுறவங்களும் உண்டு. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜாய்ஸ்டிக் தேயும், டியூப் மங்கும். வீட்டு பேஸ்மென்டில் பூட்டி வெச்சா பெட்டி பத்திரமா இருக்கும். ஆனா அதை ஆடிப் பார்க்க யாருக்கும் வழியில்லை.

லக்கோனியாக்காரர்கள் தேய்ஞ்சாலும் பரவாயில்லைன்னு பிளக்கைச் சொருகி வெச்சிருக்காங்க. ரிப்பேர் ஆனா சரி பண்ணி திரும்ப வரிசையில் நிறுத்துறாங்க. பத்து வயசுப் பொடியன் அந்தப் பழைய பட்டனைத் தட்டி, முதல் பீப்பாயைத் தாண்டிக் குதிக்கிறான். ரெண்டாவது பீப்பாயில் மாட்டி, அப்பாகிட்ட அடுத்த டோக்கனுக்குக் கை நீட்டுறான்!