அற்புதமும் விசுவாசமும்

“உங்கள் ஆண்டவர் என் கண்முன் ஓர் அற்புதம் செய்து காட்டட்டும், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே உம்மோடு ஆலயத்திற்கு வருகின்றேன்” என்றார் எம் அறைத்தோழர். சைவக் குடியிற் பிறந்தவர். விடுதியில் எம்மோடு ஒரே விளக்கின்கீழ்த் தமிழ் பயில்பவர். நகைத்துக்கொண்டே கூறினாராயினும், அவர் கேட்டது விளையாட்டன்று என்பதை யாம் அறிந்தோம்.

யாம் வாளா இருந்தோமல்லேம். எம் தங்கையின் வரலாற்றை எடுத்துரைத்தோம். அவள் ஏழு வயதினளாய் இருந்தபோது டைபாய்டு சுரங் கண்டு, மூன்று வாரம் கண்விழியாது கிடந்தாள். எம் அன்னையார் கட்டிலருகே முழங்காற்படியிட்டு இரவெல்லாம் மன்றாடினார். இருபத்திரண்டாம் நாட் காலையில் சுரம் விட்டது. குழந்தை கஞ்சி கேட்டாள். “இஃது அற்புதமன்றி வேறென்னை?” என்று வினவினோம். தோழர் மறுமொழி கூறிற்றிலர். வழக்கில் வென்றோம் என்று மகிழ்ந்தோம்.

அம்மகிழ்ச்சி பொங்கல் விடுமுறை வரையிலேதான் நின்றது. நாமக்கல்லுக்கு அணித்தாயுள்ள எம் சிற்றூருக்குத் தோழரை அழைத்துச் சென்றோம். அண்டை வீட்டு ஆத்தா முறுக்கும் கரும்புமாக வந்து திண்ணையில் அமர்ந்தார். எம் தங்கையின் தலையைத் தடவி, “இந்தப் பிள்ளை பிழைக்கட்டும், வடைமாலை சாத்துகிறேன் என்று நாமக்கல் ஆஞ்சநேயரை வேண்டிக்கொண்டேன், கண்ணு, அவர்தாம் காப்பாற்றிக் கொடுத்தார்” என்று தோழரிடம் கூறினார். எம் அன்னையார் அதனைக் கேட்டுப் புன்னகை புரிந்தாரேயன்றி மறுத்துரைத்திலர். தோழர் எம்மை ஒருமுறை நோக்கினார். எம் தலை தானே கவிழ்ந்தது.

அவ்வேண்டுதலை யாம் அறியாதிருந்தோமல்லேம். வடைமாலைப் பிரசாதத்தில் எமக்கும் ஒரு பங்கு வந்தது. மருத்துவர் நாள் தவறாது மருந்து கொடுத்ததையும் அறிவோம். சுரம் ஒன்று, அதனை நீக்கிய பெருமைக்கு உரிமை கொண்டாடுவோர் மூவர். ஏனை இருவரையும் மறைத்து ஒருவரை மட்டும் சாட்சிக்கூண்டில் ஏற்றினோம். ஆண்டவரின் மகிமைக்காகப் பேசுகின்றோம் என்று எண்ணி, உண்மையிற் பாதியை விழுங்கினோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அற்புதம் ஒரு சமயத்தின் மெய்ம்மையை நிலைநாட்டுமாயின், எல்லாச் சமயங்களும் நிலைநாட்டப்பெற்றனவே என்று எண்ணினோம். மதுரையில் திருஞானசம்பந்தர் பாண்டியன் வெப்புநோய் தீர்த்ததையும், அவரிட்ட ஏடு அனலில் வேகாததையும், வையைப் புனலை எதிர்த்தேறியதையும் பெரியபுராணம் கூறும். அதனை வகுப்பிற் பாடங்கேட்டு உளமுருகிய யாம் சைவராயினோமா? இல்லையே! எம் சம்பந்தரைக் கண்டு மாறாத எம்மனம், எம் தங்கையைக் கண்டு தோழர் மனம் மாறல் வேண்டும் என்பது எவ்வகை நீதி?

எம் நாமக்கல்லிலேயே இதற்கு வேறொரு சான்றும் உண்டு. கணித மேதை இராமானுசனார் தம் குலதெய்வமாகிய நாமகிரித் தாயாரே தமக்குக் கணித உண்மைகளை அருளினார் என்று நம்பினார். அவர் 1913-ஆம் ஆண்டு சனவரியில் எழுதிய கடிதங் கண்டு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி வியப்பில் ஆழ்ந்தார். ஆயினும் கடவுள் நம்பிக்கையற்ற ஹார்டி நாமகிரித் தாயாரின் அடியாராகவில்லை. சூத்திரங்களுக்கு நிறுவல் கேட்டார். வியப்பு வேறு, விசுவாசம் வேறு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று யாது?

சுவிசேஷங்களும் இதனையே உணர்த்துகின்றன. ஐந்து அப்பங்களால் ஐயாயிரவர் பசி தீர்ந்தது. மறுநாளும் அப்பத்தின் பொருட்டே இயேசுநாதரைத் தேடினர். அவர் அரிய மொழி பேசத் தொடங்கியதும் பலர் பின்வாங்கிப் போயினர். நான்கு நாள் கல்லறையிற் கிடந்த லாசரு எழுந்து வந்ததைக் கண்டு விசுவாசித்தாரும் உளர். அதனைக் கேட்டு, இயேசுவையும் லாசருவையும் கொல்ல ஆலோசனை செய்தாரும் உளர். கண்ட நிகழ்ச்சி ஒன்றே. காணும் நெஞ்சங்கள் வேறு.

மறுநாட் காலையில் தோழரோடு வயல்வரப்பில் நடந்தோம். கிழக்கே கொல்லிமலை நீலநிறமாய் நின்றது. “நகையாற் கண்டாரைக் கவர்ந்து உயிர் கொள்ளும் கொல்லிப்பாவை அங்கேதானே?” என்றார் தோழர். “ஆம், அற்புதப் பாவையால் ஆகாத ஒன்று நிகழ்ந்ததும் அங்கேதான்” என்று கூறி, எம் பாட்டனார் கூறக் கேட்டதும் பின்னர் நூல்களிற் படித்தறிந்ததுமாகிய வரலாற்றை உரைத்தோம்.

ஜெசி பிராண்ட் என்னும் மிஷனெரியும் அவர் மனைவியார் ஈவ்லினும் 1913-இல் மணம் முடித்து அம்மலைமேற் குடியேறினர். பிராண்ட் புண்ணாற்றினார், பல் பிடுங்கினார், காலினின்று வெளிப்படும் நரம்புச்சிலந்திப் புழுவை அறாதவாறு வெளிக்கொணர்ந்தார். மலைவாழ் மக்களுக்கு அவை அற்புதம் போலவே தோன்றியிருத்தல் வேண்டும். மருந்துக்குப் பலர் வந்தனர். விசுவாசத்திற்கு ஆண்டு பல கழிந்தும் ஒருவரும் வந்திலர். மலைப் பூசாரி அவர்களை வன்மையாக எதிர்த்தார்.

உலகெங்கும் பரவிய இன்புளூயன்சாச் சுரம் மலைமேலும் ஏறிற்று. பூசாரியும் அவர் மனைவியும் நோயுற்றனர். சுற்றத்தார் அஞ்சி அகன்றனர். பிராண்ட் தம்பதிகள் கஞ்சி ஏந்திச் சென்று, தம்மைப் பகைத்தவர் குடிசையிற் பணிவிடை புரிந்தனர். நோய் தீர்ந்ததா? இல்லை, இருவரும் மாண்டனர். ஆயின், சாகுமுன் அப்பூசாரி தம் மக்களை வளர்க்கும் பொறுப்பை அம்மிஷனெரிகளிடமே ஒப்படைத்தார். அதன் பின்னரே மலைமக்கள் கிறிஸ்துவைப் பற்றிக் கேட்கச் செவிசாய்த்தனர். நோய்கள் தீர்ந்த காலத்தில் திறவாத கதவு, நோய் தீராத வீட்டிலே திறந்தது.

பிராண்ட் 1929-இல் அம்மலையிலேயே சுரத்தால் மாண்டார். அவரைக் காக்கவும் அற்புதம் நிகழவில்லை. ஆயினும் ஈவ்லின் அம்மையார் மலைமக்களை மறந்தாரல்லர். முதுமையிலும் மலைமலையாய்ச் சென்று தொண்டாற்றி, 1974-இல் தம் 95-ஆம் வயதில் உயிர் நீத்தார். வாழவந்தி நாட்டில் கணவர் கல்லறையருகே அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது.

தோழர் நெடுநேரம் பேசாது நடந்தார். பின்பு, “உம் தங்கை நோயுற்றபோது ஒருநாள்விட்டு ஒருநாள் அந்த ஆத்தாதான் இரவெல்லாம் கண்விழித்து ஈரத்துணி இட்டாராம். உம் அன்னையார் நேற்றுக் கூறினார். அதனை எனக்கு ஏன் நீர் கூறவில்லை?” என்றார்.

எம்மிடம் விடையில்லை. எம் அன்னையாரின் செபத்தை ஆண்டவர் கேட்டார் என்பதை இன்றும் நம்புகின்றோம். அது எம் நன்றியின் மொழி. பிறரை வாய்மூடச் செய்யும் ஆயுதமாக அதனை இனி எடுக்கமாட்டோம். தோழர் ஆலயத்திற்கு வந்தாரல்லர். அற்புதம் கேட்பதையும் விட்டார். இப்போது எம் தங்கையின் வரலாற்றை எவரிடம் கூறினும், மருந்தையும் வடைமாலையையும் ஈரத்துணியையும் விடாது கூறுகின்றோம். அற்புதம் சற்றுச் சிறிதாகத்தான் தோன்றுகின்றது. அதனைக் கூறும் எம் வாய்தான் கூசுவதில்லை.