பேர் இருக்கு, சர்நேம் இல்லை

டிஸ்கி: பொட்டி தட்டுற சமாச்சாரம் கொஞ்சம் வரும். இந்தத் துறையில இல்லாதவங்களும் பயப்படாம படிக்கலாம். கடைசியில உங்க எல்லாருக்கும் ஒரு சின்ன வேலை வச்சிருக்கேன்.

போன வாரம் ஆபீஸ்ல புதுசா சேர்ந்த மதுரைப் பையன் ஒருத்தன் என் சீட்டுக்கு ஓடி வந்தான். "அண்ணா, பழைய டேட்டாபேஸ்ல இருநூறு டேபிள் இருந்துச்சுல்ல? ஒரே ஒரு கமாண்ட் அடிச்சேன். எல்லாத்துக்கும் கிளாஸ் ரெடி!" அப்படி ஒரு சந்தோஷம் அவன் மூஞ்சியில. நியாயமான சந்தோஷம்தான். ஆனா எனக்கு உடனே கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சிடுச்சு. வருஷம் 2009. இதே பெங்களூரு. இதே மாதிரி சந்தோஷத்தோட நான்.

அப்ப நான் பொம்மனஹள்ளியில ரூம் எடுத்துத் தங்கி, எலக்ட்ரானிக் சிட்டியில ஆணி புடுங்கிக்கிட்டு இருந்தேன். ஓசூர் ரோடு மேம்பாலத்தை 2010 ஜனவரியிலதான் திறந்தாங்க. அதுக்கு முன்னாடி அந்த ரோட்டுல போய் வந்தவங்களுக்கு என் கஷ்டம் புரியும். எங்க கம்பெனிக்கு வந்த ஒரு வேலை: ஒரு பெரிய தொழிற்சாலையோட ஊழியர் விவரம் எல்லாம் ஒரு பழைய விஷுவல் பேசிக் புரோகிராம்ல ஓடிக்கிட்டு இருந்தது. பின்னாடி ஆரக்கிள் டேட்டாபேஸ். டேட்டாபேஸைத் தொடாம, முன்னாடி இருக்கிற புரோகிராமை மட்டும் ஜாவாவுல புதுசா எழுதணும். மொத்தம் 312 டேபிள்.

இங்க ஒரு சின்ன விளக்கம். டேட்டாபேஸ்ல எல்லாம் டேபிள்தான். ரேஷன் கடை நோட்டு மாதிரி வரிசை, கட்டம். 1970-ல எட்கர் காட் எழுதின கட்டுரையில இருந்து கிளம்பின வழி அது. ஜாவா மாதிரி மொழியில எல்லாம் கிளாஸ், ஆப்ஜெக்ட். ரெண்டுக்கும் நடுவுல நின்னு மொழிபெயர்க்கிற ஆளுக்குப் பேர் ஓ.ஆர்.எம். ஜாவாவுல அப்ப எல்லாரும் வச்சிருந்தது ஹைபர்னேட், 2001-ல கேவின் கிங் ஆரம்பிச்சது. ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரு கிளாஸ் எழுதி, எந்தக் கட்டம் எந்த மாறிக்குப் போகணும்னு சொல்லிட்டா மிச்சத்தை அது பாத்துக்கும்.

312 டேபிளுக்குக் கையால எழுதினா ரெண்டு மாசம் போயிடும். ஆனா டேட்டாபேஸ் தன்னைப் பத்தின விவரத்தையும் தனக்குள்ளயே வச்சிருக்கும். என்னென்ன டேபிள், அதுல என்னென்ன கட்டம், எது எழுத்து, எது எண், எது பிரைமரி கீ, எது வேற டேபிளைக் காட்டுற ஃபாரின் கீ, எல்லாம் கேட்டா சொல்லும். அதைக் கேட்டு வாங்கி, கிளாஸைத் தானே எழுதிக் குடுக்கிற கருவிதான் ஹைபர்னேட் டூல்ஸ். எக்லிப்ஸ்ல பட்டனைத் தட்டினேன். டீ குடிச்சிட்டு வந்தேன். முடிஞ்சிருந்தது. டேமேஜர் வந்து தோள்ல தட்டிட்டுப் போனார். அந்த வாரம் பூரா நான்தான் ஹீரோ.

அதுல ஒரு டேபிள். ஊழியரோட குடும்பத்தார் பட்டியல். குரூப் மருத்துவக் காப்பீட்டுக்காக வச்சிருந்தது. அஞ்சே கட்டம்: ஊழியர் எண், பேர், சர்நேம், என்ன உறவு, பிறந்த தேதி. பிரைமரி கீ கிடையாது. யாரோ தொண்ணூறுகள்ல அவசரத்துல உருவாக்கியிருக்காங்க. பழைய புரோகிராமுக்கு அது ஒரு பிரச்னையா இல்லை. ஏதாவது மாத்தணும்னா அந்த ஊழியரோட வரிசை எல்லாத்தையும் அழிச்சிட்டுத் திரும்ப எழுதும், அவ்வளவுதான்.

ஆனா ஹைபர்னேட்டுக்கு ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு அடையாளம் வேணும். கீ இல்லாத டேபிளைப் பாத்தா அந்தக் கருவி என்ன பண்ணும்னா, இருக்கிற அத்தனை கட்டத்தையும் சேத்துக் கட்டி, "இது மொத்தமும்தான் கீ"ன்னு எழுதிடும். அதனால அந்த ஒரு டேபிளுக்கு மட்டும் ரெண்டு கிளாஸ் வந்திருந்தது. நான் பாத்தேன். ஏன்னு யோசிக்கலை.

காப்பீட்டுக் கம்பெனிக்கு அனுப்புற பட்டியலை எடுக்கிற புரோகிராம் எழுதி ஓட்டினேன். நடுவுல வெடிச்சது. லிஸ்ட்ல சில இடத்துல ஆப்ஜெக்டுக்குப் பதிலா நல். ('நல்'லுன்னா நல்லதுன்னு நினைச்சுக்காதீங்க, அங்க ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம்.) அன்னைக்கு வெள்ளிக்கிழமை. மடிவாளாவுல ராத்திரி பத்து மணிக்கு ஊருக்கு பஸ். சாயங்காலம் சில்க் போர்டு சிக்னலைத் தாண்டுறது எப்படின்னு உங்களுக்குத் தெரியும். நான் ஒரே ஒரு வரி சேத்தேன்: நல்லா இருந்தா தாண்டிப் போயிடு.

வெடிக்கிறது நின்னு போச்சு. டேபிள்ல எத்தனை வரிசை, லிஸ்ட்ல எத்தனைன்னு ஒப்பிட்டும் பாத்தேன். ரெண்டும் சரியா இருந்தது. ஏன்னா லிஸ்ட்ல நல்லும் ஒரு ஆளாத்தானே எண்ணிக்கையில வரும்! நிம்மதியா பஸ் ஏறிட்டேன்.

ஏப்ரல்ல புது புரோகிராம் ஓட ஆரம்பிச்சது. பட்டியல் காப்பீட்டுக் கம்பெனிக்குப் போச்சு. ரெண்டாவது வாரம் நான் அந்தத் தொழிற்சாலையில இருந்தப்ப, பணியாளர் பிரிவுல இருந்த கன்னடக்கார மேடம் போனை என் கையில குடுத்தாங்க. "உங்க பாஷையில பேசறாரு, நீங்களே கேளுங்க"ன்னு.

எதிர்ப்பக்கம் தருமபுரிப் பக்கத்துக்காரர். ஆஸ்பத்திரியில இருந்து பேசறார்.

"சார், எங்கம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு போச்சுங்க. ஆபரேசன்னு சொல்றாங்க. கார்டைக் குடுத்தா, இந்தப் பேருல யாருமே இல்லைங்கறாங்க சார். பன்னெண்டு வருசமா இருக்கிற பேருங்க அது."

"அண்ணே, கொஞ்சம் இருங்க, பாத்துச் சொல்றேன்"னு சொல்லிட்டு டேபிளைப் பாத்தேன். அம்மா பேர் இருக்கு. அனுப்பின பட்டியலைப் பாத்தேன். இல்லை. அந்த வரிசையில சர்நேம் கட்டம் மட்டும் காலி.

அப்பதான் வயித்தைக் கலக்கிச்சு. அஞ்சு கட்டமும் சேந்து கீ. அதுல ஒண்ணு காலியா இருந்தாலும், கீ முழுசா இல்லைன்னு நாங்க வச்சிருந்த ஹைபர்னேட் அந்த வரிசை மொத்தத்தையும் நல்லுன்னு குடுத்துடும். அது மறைச்சு வச்சிருந்த ரகசியம் இல்லை, தேடிப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். இதுல ஆரக்கிள் வேற, எழுத்தே இல்லாத வெத்துச் சொல்லையும் நல்லாத்தான் வச்சுக்கும். நான் எழுதின ஒத்தை வரி, அந்த ஆட்களை எல்லாம் சத்தமில்லாம தாண்டிப் போயிருக்கு.

விடுபட்டவங்க எத்தனை பேர்னு எடுத்தேன். 117. பேரைப் படிச்சுக்கிட்டே வந்தேன். லட்சுமி, மாரியம்மாள், சின்னப்பொண்ணு, கெம்பம்மா, பாப்பாத்தி. பெரும்பாலும் அம்மாக்கள், மாமியார்கள். எங்க அம்மாவுக்கும் ஒத்தைப் பேர்தான். நான் அந்தத் தொழிற்சாலையில வேலை பாத்திருந்தா அந்தப் பட்டியல்ல அவங்களும் இருந்திருப்பாங்க.

மேடத்துக்கிட்டப் போய்க் கேட்டேன், ஏன் சர்நேம் கட்டத்தைக் காலியா விட்டிருக்கீங்கன்னு. அவங்க என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. "இனிஷியல் இதே, சர்நேம் இல்லா"ன்னாங்க. பேர் இருக்கு, இனிஷியல் இருக்கு, சர்நேம்னு ஒண்ணு இல்லை, அப்புறம் எதைப் போடச் சொல்றேங்கிற மாதிரி. சின்ன வயசுப் பசங்க அப்பா பேரை சர்நேம்னு எழுதிக் குடுப்பாங்களாம், அதைப் போட்டுடுவாங்களாம். தமிழ்நாட்டுக்காரங்களுக்கும் அவங்க ஊர்ப் பெரியவங்களுக்கும் இனிஷியலோட சேத்து முதல் கட்டத்துல போட்டுட்டு ரெண்டாவதைக் காலியா விடுவாங்களாம். பதினெட்டு வருஷமா அப்படித்தான். அவங்க பண்ணது முழுக்கச் சரி. இல்லாத ஒண்ணை இருக்கிற மாதிரி எழுதலை. ரெண்டு மாசமா அவங்களுக்கு எதிர் சீட்டுல உக்காந்திருந்தேன். ஒரு வார்த்தை கேக்கலை.

சரி பண்ண ஒரு நாள்தான் ஆச்சு. டேபிளுக்கு ஒரு வரிசை எண் கட்டம் சேத்து, அதைப் பிரைமரி கீ ஆக்கினோம். டேபிளைத் தொடவே கூடாதுன்னா, கருவிக்குக் குடுக்கிற ரெவ்எஞ்ச் எக்ஸ்.எம்.எல். ஃபைல்லயே "இந்த டேபிளுக்கு இதுதான் கீ, இதுக்கும் அதுக்கும் இதுதான் உறவு"ன்னு நாம எழுதிக் குடுக்கலாம். அந்த வசதி அப்பவே இருந்தது. நான்தான் படிக்கலை. தாண்டிப் போற வரியையும் எடுத்துட்டேன். நல் வந்தா இனிமே வெடிக்கட்டும்னு விட்டுட்டேன்.

தருமபுரி அண்ணன் அதுக்குள்ள வீட்டுக்காரம்மா வளையலை அடகு வச்சு ஆஸ்பத்திரியில பணம் கட்டிட்டார். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. பேர் திரும்பச் சேந்த பிறகு, ஒன்றரை மாசம் கழிச்சு காப்பீட்டுப் பணமும் வந்திடுச்சு. அடகு வட்டியை மட்டும் யாரும் குடுக்கலை. நானும் குடுக்கலை. போன் பண்ணிக் கேக்கவே கூச்சமா இருந்தது. அவருக்கு என் பேர்கூடத் தெரியாது. "ரொம்ப நன்றிங்க சார், நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாம்"னு மேடத்துக்கிட்டச் சொல்லி அனுப்பினார். நான் ஒண்ணும் சொல்லலை.

இப்ப கருவிகள் எவ்வளவோ மாறிடுச்சு. கீ இல்லாத டேபிளைக் கண்டா ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி நடந்துக்கும். எஸ்.க்யூ.எல். ஆல்கெமியோட ஆட்டோமேப் அதுக்குக் கிளாஸே போடாது. என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர், கீ இல்லாத வகைன்னு குறிச்சு, படிக்க மட்டும் விடும். ஜாங்கோவோட இன்ஸ்பெக்ட்-டிபி இன்னும் நேர்மை. தான் எழுதின ஃபைலோட தலையிலயே, "இது தானா உருவானது, நீங்க கையால சரி பண்ண வேண்டியது இதெல்லாம்"னு பட்டியல் போட்டுடும். ஒவ்வொரு மாடலுக்கும் பிரைமரி கீ இருக்கான்னு பாருங்கறது அதுல ஒண்ணு. ஏ.ஐ. கிட்டக் குடுத்தாலும் நொடியில எழுதிக் குடுக்கும். எதைக் குடுத்தாலும் அது படிக்கிறது டேட்டாபேஸைத்தான். அந்த மேடம் ஒரு கட்டத்தை ஏன் காலியா விட்டாங்கங்கறது டேட்டாபேஸ்ல எங்கயும் எழுதியிருக்காது.

அதனால மதுரைப் பையன்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொன்னேன். கமாண்டை அடி, தப்பே இல்லை. ரெண்டு மாச வேலை மிச்சம். அந்த மிச்சத்துல ரெண்டே நாள், இந்த டேபிளை எல்லாம் தினமும் நிரப்புறவங்க பக்கத்துல போய் உக்காரு. எந்தக் கட்டத்தைக் காலியா விடறீங்க, ஏன்னு கேளு. கீ இல்லாத டேபிளை எல்லாம் முதல்ல தனியா எடுத்து வை. அப்புறம், நல் வந்தா வாயை அடைக்காதே.

பையன் தலையாட்டினான். "அண்ணா, என் பாஸ்போர்ட்லயும் சர்நேம் காலிதான்"னான். நம்ம எல்லார் கதையும் அதுதானே. அமெரிக்க விசாவுல பேருக்கு முன்னாடி எஃப்.என்.யூ.ன்னு அடிச்சு வாங்கினவங்க இதைப் படிக்கிறவங்கள்லயே சில பேர் இருப்பீங்க. 2022 நவம்பர்ல, பாஸ்போர்ட்ல ஒத்தைப் பேர் மட்டும் இருந்தா விசிட் விசாவுல அமீரகத்துக்குள்ள வர முடியாதுன்னு அறிவிப்பு வந்து, ஊர்ல இருந்து அப்பா அம்மாவைக் கூப்பிட டிக்கெட் போட்டவங்க எல்லாம் பதறிப் போனாங்க. பேர் பத்தி புரோகிராமர்கள் நம்புற பொய்கள்னு பேட்ரிக் மெக்கன்சி 2010-ல ஒரு பட்டியலே எழுதினார். அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி அதுல ஒரு பொய்யை நான் 117 பேர் தலையில எழுதிட்டேன். அதுவும் ஒரு தமிழன்.

இப்ப உங்களுக்கான வேலை. உங்க ஆபீஸ் மருத்துவக் காப்பீட்டுல அப்பா, அம்மா, மாமனார், மாமியார் பேர் சேத்திருந்தா, இன்னைக்கு ராத்திரியே போர்ட்டலைத் திறந்து அவங்க ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா ஈ-கார்டு வருதான்னு பாருங்க. பேர் ஆதார்ல இருக்கிற மாதிரியே இருக்கான்னும் பாருங்க. கம்பெனி சாஃப்ட்வேர் மாறின வருஷமா இருந்தா கண்டிப்பா பாருங்க.

நான் இதை எழுதறதுக்கு முன்னாடி எங்க அம்மாவோட கார்டை எடுத்துப் பாத்துட்டேன். இருக்கு. சர்நேம்னு போட்ட இடத்துல ஒரு புள்ளி வச்சிருக்காங்க. யாரோ ஒரு புண்ணியவான் அங்க உக்காந்து யோசிச்சிருக்கான்.