தறையாணி

யாழ்ப்பாணத்தில் எந்தச் சந்தியில் இறங்கினாலும் இரண்டு கடைகள் கண்ணில் படும். ஒன்று இரும்பு ஒட்டுகிற வெல்டிங் பட்டறை. மற்றது அலுமினியம் பொருத்து வேலைக்கடை. முதலாவதில் கேற்றும் யன்னல் கம்பியும் செய்வார்கள். இரண்டாவதில் கடைக்கண்ணாடி, ஒபிஸ் தடுப்பு, குளியலறைக் கதவு. இரண்டு கடையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் வெல்டிங்காரர் அலுமினியத்தைத் தொடமாட்டார். காரணம் கௌரவம் இல்லை. அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகிவிடும். ஆனால் அதன் மேல் எப்பவும் மெல்லிசாய் ஒரு ஒட்சைட்டுத் தோல் படர்ந்திருக்கும், அந்தத் தோல் உருக 2000 பாகைக்கு மேல் வேணும். சாதாரண வெல்டிங் பிளான்ரை வைச்சால் தோல் அசையாது, உள்ளே இருக்கிறது ஒழுகி ஓட்டை விழும். அதை ஒட்ட ஆர்கன் வாயு, வேறு மெசின், நல்லாய்ப் பழகின கை எல்லாம் வேணும். ஆகவே பொருத்து வேலைக்காரர்கள் ஒட்டுவதில்லை. துளைக்கிறார்கள், றிவெற் அடிக்கிறார்கள்.

நாங்கள் ஆறு பேர். கலைப்பீடம். தமிழ் இரண்டு, புவியியல் ஒன்று, வரலாறு ஒன்று, சமூகவியல் ஒன்று, பொருளியல் ஒன்று. எங்களுக்கு ஒட்சைட்டுத் தோலைப் பற்றி என்ன கவலை எண்டு நீங்கள் கேட்கலாம். பொருளியல்காரன்ட அப்பாவின்ட வள்ளம்தான் காரணம்.

குருநகரில் பூவரச மரத்துக்குக் கீழே கவிழ்ந்து கிடந்த 18 அடி பைபர் வள்ளம் அது. 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவில் இருந்து ஒரே இரவில் 340 ரூபாவுக்குப் போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். எங்கள் பலருக்கு அது செய்தி. சின்ன எஞ்சின் வள்ளங்கள் ஓடுறது மண்ணெண்ணெயில்தான் எண்டபடியால் அவையளுக்கு அது அடுத்த நாள் காலமை. ஓடுற வள்ளங்களே கரையில் ஏறின காலம். இந்த வள்ளத்தில் இன்னொரு பிரச்சினையும் இருந்தது. உள்ளே குறுக்குப் பலகைகளும் தளத்தைத் தாங்குற சட்டங்களும் மரம், மேலால பைபர் பூசினது. பூச்சு வெடிச்ச இடங்களால் தண்ணி உள்ளே போய், மரம் உக்கி, ஊறி, வள்ளம் வருசா வருசம் பாரமாகிக்கொண்டு வந்திருக்கு. பாரம் கூடினால் எண்ணெய் கூடும். அங்கிள் கணக்குப் பார்த்துவிட்டு, விற்கிறதுதான் எண்டு முடிவெடுத்திட்டார். வாங்க ஆளும் வந்து பார்த்துவிட்டுப் போயிட்டுது. அடுத்த வருசம் எங்கட கூட்டாளி ஏஜென்சிக் கதை கதைக்கத் தொடங்கினான். படிப்பை நிப்பாட்டிப்போட்டுப் போறதாம், போய் உழைச்சு அனுப்புறதாம். மூன்றாம் வருசத்தில் இருக்கிறவன். இரண்டு கிழமை அவனோட எல்லாரும் சண்டை. ஆனால் சண்டை பிடிச்சு ஒருத்தரின்ட வீட்டு அடுப்பு எரியாது.

மரத்துக்குப் பதிலாய் அலுமினியச் சட்டம் போட்டால் என்ன எண்டு முதலில் கேட்டது அவன்ட மாமா. பொருத்து வேலைக்கடை வைச்சிருக்கிறவர். கடைக்குப் பின்னால் வெட்டி மிஞ்சின பொக்ஸ் பார், எல் அங்கிள் துண்டுகள் குவிஞ்சு கிடந்தன. "சாமான் நான் தாறன். வேலைக்கு ஆள் தரேலாது. நீங்கள்தானே சும்மா திரியிறியள்" எண்டார். நாங்கள் சும்மா திரியேல்லை, பரீட்சை முடிஞ்ச விடுமுறை அது. பரவாயில்லை.

அவர் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் விசயம் ஆளுக்கொரு றிவெற்றைக் கையில் தந்து பார்க்கச் சொன்னதுதான். உள்ளே கோறையான ஒரு சின்னக் குழாய், ஒரு பக்கம் தொப்பி. குழாய்க்குள்ளால் ஒரு ஆணி ஓடுது, ஆணியின் தலை மறுபக்கம். இரண்டு தகட்டையும் ஒன்றாய்த் துளைச்சு, குழாயை ஓட்டைக்குள் விட்டு, றிவெற் கண்ணால் ஆணியைப் பிடிச்சு இழுக்கவேணும். ஆணியின் தலை குழாயின் மறுநுனியை நசுக்கிப் புடைக்க வைக்கும், தகடுகள் இறுகும். ஒரு கட்டத்துக்கு மேல் ஆணி "டக்" எண்டு முறிஞ்சு கையோட வந்துவிடும், தலை மட்டும் உள்ளே நிற்கும். இதில் அழகு என்னவென்றால் மறுபக்கத்துக்குக் கை போகத் தேவையில்லை. பொக்ஸ் பாரின் உள்பக்கத்தில் நட் பிடிக்க ஆருக்கு ஏலும்?

பிறகு வந்ததெல்லாம் அளவு. 4.8 மில்லிமீற்றர் றிவெற்றுக்கு 4.9 பிற். பெரிசாய்த் துளைச்சால் குழாய் புடைச்சு ஓட்டையை நிரப்பாது, நாளைக்கு ஆடும். தகட்டின் விளிம்பில் இருந்து ஓட்டையின் நடு குறைஞ்சது விட்டத்தின் இரண்டு மடங்கு தள்ளி, அதாவது எங்களுக்கு ஒரு சென்ரிமீற்றர். அதுக்குள்ள வந்தால் விளிம்பு கிழியும். துளைச்ச உடனே தகடுகளைப் பிரிச்சு, ஓட்டையைச் சுற்றி நிற்கிற பிசிறை எடுக்கவேணும். பிசிறு நடுவில் நிண்டால் தகடு இரண்டும் முகத்தோட முகம் படியாது, அந்த வெளிக்குள் உப்புத்தண்ணி குடியிருக்கும். எந்த நீள றிவெற் எண்டதைப் பெட்டியில் போட்டிருக்கிற பிடி அளவு சொல்லும். எங்கட இரண்டு தகடும் சேர்ந்து 3 மில்லிமீற்றர். "நீளமாய் இருந்தால் நல்லாய்ப் பிடிக்கும் எண்டு நினைக்காதேங்கோ, இது சேலை இல்லை" எண்டார் மாமா. சேலைக்கும் அது பொருந்தாது எண்டு எங்களில் ஒருத்தி அந்த இடத்திலேயே திருத்தினாள்.

ஆனால் உண்மையாய் எங்களை யோசிக்க வைச்சது ஒரு விசயம்தான். றிவெற் வெட்டுறதைத் தாங்கும், இழுக்கிறதைத் தாங்காது. இரண்டு தகடு ஒன்றை ஒன்று வழுக்கிக்கொண்டு போகப் பார்த்தால் நடுவில் நிற்கிற றிவெற் குறுக்கே நிண்டு தடுக்கும், அதில் அது கெட்டி. அதே தகடுகளை நேரே பிரிச்செடுக்கப் பார்த்தால் அந்தச் சின்னத் தொப்பியும் நசுங்கின நுனியும்தான் எதிர்க்கவேணும், அதில் அது பாவம். ஆகவே ஆள் இருக்கிற குறுக்குச் சட்டத்தை ஒரு எல் அங்கிளில் தொங்கவிடக்கூடாது. அங்கிளை நிமிர்த்தி வைச்சு, ஆளின் பாரம் றிவெற்றைப் பக்கவாட்டில் அழுத்துற மாதிரி மூட்டவேணும். ஒவ்வொரு மூட்டிலும் நிண்டு "இதில பாரம் எந்தப் பக்கத்தால வரும்?" எண்டு கேட்டுக் கேட்டுத்தான் கீறினோம். மூன்று வருசம் படிச்ச படிப்பில் இப்படி ஒரு கேள்வியை இவ்வளவு கவனமாய் நாங்கள் கேட்டதில்லை.

குறுக்குச் சட்டம் வெறும் இருக்கை இல்லை எண்டதையும் அங்கிள்தான் விளங்கப்படுத்தினார். அலை பக்கத்தால் அடிக்கும்போது வள்ளத்தின் இரண்டு கன்னமும் உள்ளே வரப் பார்க்கும், எஞ்சின் உதறும்போது விரியப் பார்க்கும். குறுக்குப் பலகைதான் பிடிச்சு வைச்சிருக்கிறது. அவர் அதைச் சட்டம் எண்டு சொல்லேல்லை. தளத்துக்குக் கீழே போற விலாச் சட்டங்களுக்கு "வங்கு" எண்டார். தமிழ் படிக்கிற இரண்டு பேரும் உடனே போனில் எழுதிக்கொண்டார்கள்.

பழைய திருத்த வேலை ஒன்றும் அந்த வள்ளத்தில் இருந்தது. ஆரோ முந்தி ஒரு மூலையில் அலுமினியத் தகடு வைச்சு, சாதாரண ஹார்ட்வெயார் றிவெற்றும் இரண்டு ஸ்ரெயின்லெஸ் போல்ற்றும் அடிச்சு விட்டிருக்கினம். றிவெற்றின் உடம்பு அலுமினியம், உள்ளே முறிஞ்சு நிற்கிற ஆணி இரும்பு. ஒவ்வொரு றிவெற்றில் இருந்தும் துருக் கண்ணீர் வடிஞ்சிருந்தது. போல்ற்றைச் சுற்றி இன்னும் மோசம். போல்ற் புதுசு மாதிரி மினுங்குது, சுற்றியிருந்த தகடு வெள்ளைத் தூளாகி, விரலால் தட்டக் கொட்டிண்டுது. இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்புத்தண்ணி: ஒரு பற்றரிதான் அது. அதில் கரையிற பக்கம் எப்பவும் அலுமினியம். ஓ.எல். விஞ்ஞானத்தில் படம் கீறி மனப்பாடம் பண்ணின விசயம், விரல் நுனியில் தூளாய் ஒட்டிக்கொண்டு நிண்டது.

அதனால் ஆணியும் அலுமினியமாய் இருக்கிற றிவெற் வேணும் எண்டு நிண்டோம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஏறி இறங்கின கடைகளில் கிடைக்கேல்லை. ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பொக்கற்றுக்குள் கொண்டு திரிஞ்சோம், பெட்டியைத் திறந்து காந்தத்தைக் காட்டினால் எல்லாம் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். கடைக்காரர்களுக்கு எங்களில் நல்ல அபிப்பிராயம் இருந்திராது. கடைசியில் கொழும்பில் இருந்து பஸ்ஸில் எடுப்பித்தோம். முழு அலுமினியம் எண்டால் பலம் கொஞ்சம் குறைவு, ஆகவே மூட்டுக்கு நாலு போடுற இடத்தில் ஆறு போட்டோம். தகடுகள் சேருற இடமெல்லாம் சீலன்ற் பூசி, ஈரமாய் இருக்கும்போதே அடிச்சோம். வள்ளத்தின் அடிப்பக்கத்தில் ஒரு ஓட்டையும் இல்லை. சட்டம் முழுக்க மேல் விளிம்பில், பெரிய வாஷர் வைச்சு, தண்ணி மட்டத்துக்கு மேலேதான் பிடிச்சிருக்கு. கீழே ரப்பர் பட்டியில் குந்தியிருக்கு.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேணும். கதவு யன்னலுக்கு வாறது 6063 எண்ட கலப்பு. கடலுக்கு எண்டு செய்யிறது 5052, 5083 மாதிரி 5000 வரிசை, மக்னீசியம் கூடினது. எங்கட சட்டம் உள்ளே இருக்கிற சட்டம், தோலைப் பூசி வந்த சட்டம், நாளுக்கு ஒருக்கால் நல்ல தண்ணியில் கழுவப்படுற சட்டம், அதனால் துணிஞ்சோம். இதை வாசிச்சுவிட்டு யன்னல் அலுமினியத்தில் வள்ளமே செய்ய ஆரும் வெளிக்கிட்டால் நாங்கள் பொறுப்பில்லை.

றிவெற் அடிச்ச வள்ளம் எண்டதைச் சிரிக்கிறவர்களுக்கு வரலாறு படிக்கிறவள் ஒரு பதில் வைச்சிருந்தாள். 1944 இல் அமெரிக்காவின் கிரம்மன் விமானக் கம்பனியில் இருந்த வில்லியம் ஹொஃப்மன் எண்டவர் அடிரொண்டாக் மலைப்பக்கம் விடுமுறைக்குப் போயிருக்கிறார். மரத்தில் செய்து துணி போர்த்த சிறு தோணியைத் தோளில் காவிக் காவி நாரி முறிஞ்சுதான் அவருக்கு யோசனை வந்தது: போர் விமானத்தை அலுமினியத் தகட்டில் றிவெற் அடிச்சுச் செய்யிறம், தோணியை ஏன் செய்யேலாது? போர் முடிய விமானத்துக்கு ஓடர் குறைஞ்சுது, அதே தொழிற்சாலையில் அதே வேலைமுறையில் தோணி வரத் தொடங்கிச்சுது. பலாலியில் வந்து இறங்குற ஏ.ரி.ஆர் விமானத்தின் உடம்பைக் கிட்ட நிண்டு பார்த்தால் வரிசை வரிசையாய்ப் புள்ளி தெரியும். அதெல்லாம் இதன்ட சொந்தக்காரர்தான்.

நாலாம் நாள் வேலையில் நிக்கும்போது பக்கத்து வளவு ஆச்சி ஒருவர் வந்து நிண்டு பார்த்தார். எங்களில் மூன்று பேர் பெண்கள், ஒருத்தி வள்ளத்துக்குள் குந்தி ட்ரில் பிடிச்சுக்கொண்டிருந்தாள். "பொம்பிளைப் பிள்ளையள் வள்ளத்துக்குள்ள ஏறுறேல்லை, மோனை." குரலில் கோபம் இல்லை, வழமையைச் சொன்னார். எல்லாரும் அங்கிளைப் பார்த்தோம். அவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கரையில நிக்கேக்க அது வள்ளமில்லை, பட்டறை" எண்டார். அந்த நேரத்துக்கு அது காணும் எண்டு வேலையைத் தொடர்ந்தோம். ஆனால் அந்தப் பதிலுக்குள் ஒரு "ஆனால்" இருந்தது எல்லாருக்கும் விளங்கினது.

மொத்தம் 212 றிவெற். உக்கின மரத்தை எடுத்து மாமாவின்ட கடைத் தராசில் போட 41 கிலோ வந்தது, புதுச் சட்டமும் தளமும் 17. இறக்க முதல் நடுச் சட்டத்தில் ஆறு பேரும் ஒன்றாய் ஏறி இருந்து, ஆடி, குதிச்சுப் பார்த்தோம். ஒரு சத்தமும் இல்லை. அங்கிள் அதை நம்பேல்லை. குனிஞ்சு ஒவ்வொரு மூட்டாய்ப் பெருவிரலால் தடவிக்கொண்டு போனவர், "வடிவாத் தறைஞ்சிருக்கு" எண்டார்.

நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். முதல் நாள் இரவுதான் றிவெற்றுக்குத் தமிழ் என்ன எண்டு அகராதியில் தேடி, "தறையாணி" எண்ட சொல்லைக் கண்டுபிடிச்சு, இதையெல்லாம் ஆர் பாவிக்கிறது எண்டு சிரிச்சிருந்தோம். அவர் கேட்டதுக்கு விளக்கம் சொன்னார். மர வள்ளக் காலத்தில் செப்பாணி அடிச்சு, மறுபக்கத்தால் வெளியில் வாற நுனியைச் சுத்தியலால் தட்டி மடக்கிறதுக்குப் பேர் தறையிறது. அவரின் அப்பா மேத்திரிக்கு உதவியாய் நிண்டு செய்தவராம். "உதுவும் அதுதானே, நீங்கள் இழுக்கிறியள், நாங்கள் அடிச்சம்."

முதல் ஓட்டத்துக்கு மண்டைதீவுப் பக்கம் போய்த் திரும்பினது. ஆறு பேரில் மூன்று பேரைத்தான் ஏத்தினவர். எந்த மூன்று பேர் எண்டு சொல்லத் தேவையில்லை. கரையில் நிண்ட மூன்று பேரும் அண்டைக்குக் கதைச்ச கதையை இஞ்ச எழுத ஏலாது, அது இன்னும் பேசி முடியேல்லை. 212 இல் பாதிக்கு மேல் அவையள் அடிச்ச றிவெற்.

மாரி மழையோட றால் வந்த நேரம் வள்ளம் தண்ணியில் நிண்டது. எண்ணெய்ச் செலவு எவ்வளவு குறைஞ்சது எண்டு கூட்டாளி ஒரு கொப்பியில் கணக்கு வைச்சிருக்கிறான், அதைத்தான் ஆய்வுக் கட்டுரைக்கு எடுக்கப்போறானாம். ஏஜென்சிக் கதை இப்ப இல்லை. வருமா எண்டு கேட்டால் சிரிக்கிறான். வள்ளம் வாங்க வந்தவர் அதுக்குப் பிறகும் இரண்டு தரம் போன் எடுத்திருக்கிறார்.

மூன்று மாதம் ஓடினபிறகு கழற்றிப் பார்த்ததில் எஞ்சின் பக்கத்து மூட்டில் ஏழு றிவெற்றைச் சுற்றிக் கறுப்பு வளையம். றிவெற் கொஞ்சம் இளகி ஆடத் தொடங்கினால் அலுமினியம் உரஞ்சி அந்தக் கறுப்புத் தூள் வரும், விமானம் பார்க்கிறவர்களும் இதைத்தான் தேடுவார்களாம். தொப்பியைத் துளைச்சு எடுத்துவிட்டு, ஒரு அளவு பெரிய றிவெற் போட்டுச் சரிசெய்தது அங்கிள்தான், தனியாய். ட்ரில் மெசினும் றிவெற் கண்ணும் இப்ப அவரின் வீட்டிலேயே கிடக்கு. மாமா இரண்டு தரம் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.